ஆசிரியரின் வேலைப்பளுவைக் குறைக்கத் தொழில்நுட்பம்: எங்கே தொடங்குவது, எதைத் தொடாமல் விடுவது

வகுப்பு முடிந்த பிறகுதான் ஆசிரியருக்கு இன்னொரு வேலை தொடங்குகிறது. பேப்பர் திருத்த வேண்டும், மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அலுவலகம் கேட்கும் படிவத்தில் அதையே மறுபடி எழுத வேண்டும், பெற்றோர் கேட்டால் இன்னொரு முறை தேடிச் சொல்ல வேண்டும். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 2018-ல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் என்ற ஆய்விலும் இதுதான் தெரிந்தது: வாரத்துக்குச் சராசரியாக 39 மணி நேர வேலை, அதில் பாடம் நடத்துவது ஏறக்குறையப் பாதி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

இதில் எதையும் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றதுதான். பயிற்சி வகுப்புகளில் புதுப்புதுச் செயலிகளைக் காட்டுவார்கள். எந்த வரிசையில், எந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தக் குறிப்புகள்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: ஒரு தகவலை ஒரே முறைதான் தட்டச்சு செய்ய வேண்டும். புதிய செயலி ஒன்றைச் சேர்த்த பிறகு அதே பெயரையோ மதிப்பெண்ணையோ இரண்டாவது இடத்திலும் எழுத வேண்டி வந்தால், அந்தச் செயலி உங்கள் வேலையைக் கூட்டியிருக்கிறது. தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

1. செயலியைத் தேடும் முன் வேலையைப் பட்டியலிடுங்கள்

ஒரு வாரம் மேசையில் ஒரு தாளை வையுங்கள். வகுப்புக்கு வெளியே செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதற்கு ஆன நிமிடங்களோடு குறித்து வாருங்கள். வார இறுதியில் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, யோசிக்கத் தேவையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது: கூட்டல், நகலெடுப்பது, ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புவது, சரியா தவறா என்று மட்டும் பார்க்கும் திருத்தம். இதைக் கணினியிடம் கொடுக்கலாம். இரண்டாவது, உங்கள் கண்ணும் மனமும் வேண்டிய வேலை: கட்டுரை படிப்பது, தடுமாறும் மாணவரிடம் பேசுவது. இதை யாரிடமும் கொடுக்காதீர்கள். முதல் வகையில் மிச்சமாகும் நேரம் இதற்குத்தான். மூன்றாவது, யாருமே படிக்காத அறிக்கைகள். இதற்குத் தொழில்நுட்பமே வேண்டாம். ‘இது யாருக்குப் போகிறது?’ என்று மேலே கேட்டுப் பாருங்கள். சில சமயம் நிறுத்திவிடவே சம்மதிப்பார்கள், அதைவிடப் பெரிய நேர மிச்சம் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

முதல் வகையில் அதிக நிமிடம் தின்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பருவத்தில் நான்கு செயலிகளைத் தொடங்கினால் நான்குமே பாதியில் நிற்கும்.

2. கணினியைத் திறக்கும் முன் சேகரிக்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் பருவத்தின் நடுவில் எல்லாவற்றையும் திரும்பச் செய்வார்கள். வேண்டியவை இவை:

- பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே மாணவர் பட்டியல். பெயரின் எழுத்து, முன்னெழுத்து, சேர்க்கை எண் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.
- ஆண்டு நாட்காட்டியும் கால அட்டவணையும்.
- மதிப்பீட்டு முறை, எழுத்து வடிவில். எந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பெண், இறுதியில் எவ்வளவு எடை, 49.5 வந்தால் 50 ஆக்க வேண்டுமா கூடாதா என்பது வரை.
- அலுவலகம் கேட்கும் படிவங்களின் வெற்று நகல். அதில் உள்ள கட்டங்களின் வரிசையிலேயே உங்கள் தாளையும் அமைத்தால் அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடலாம்.
- மாணவர் தகவலை வெளிச் சேவைகளில் ஏற்றப் பள்ளியின் அனுமதி. வாய்மொழியாகப் போதாது; ஒரு மின்னஞ்சலாவது கையில் இருக்கட்டும். மாணவர் படம், குரல் பதிவு என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும்.

இதோடு கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கணினியில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்ட பட்டியலைப் பதிவேடாக ஏற்பார்களா? ஏற்க மாட்டார்கள், கையால்தான் எழுத வேண்டும் என்றால், அந்த ஒரு வேலையைக் கணினிக்கு மாற்றாதீர்கள். இரண்டு இடத்திலும் பராமரித்துத் தேய்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. கணக்கும் கோப்புறையும்

பள்ளி உங்களுக்கென்று ஒரு கணக்கு கொடுத்திருந்தால் மாணவர் சம்பந்தப்பட்ட எல்லாம் அதில் இருக்கட்டும். ஆனால் நீங்கள் உருவாக்கிய பாடக்குறிப்பு, வினாத்தாள், படங்கள் ஆகியவற்றின் நகல் உங்கள் சொந்தக் கணக்கிலும் இருக்க வேண்டும். பள்ளி மாறும்போது அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். வருடக்கணக்கான உழைப்பு அதோடு போய்விடும்.

சொந்தக் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. இது டிரைவ் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), ஜிமெயில், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. கைபேசிப் படங்களும் அதே இடத்தில் ஏறினால் தேர்வுச் சமயத்தில் நிரம்பி நிற்கும். படங்களின் தானியங்கி ஏற்றத்தை முதல் நாளே நிறுத்துங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடவுச்சொல்லோடு கைபேசி வழியாகவும் உறுதி கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, அது தரும் மாற்று எண்களை அச்சிட்டு வீட்டில் வையுங்கள். கைபேசி தொலைந்த நாளில் அதுதான் கைகொடுக்கும். வகுப்பில் புரொஜெக்டரில் காட்டப் பிரவுசரில் தனி சுயவிவரம் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தச் செய்தி முழு வகுப்புக்கும் முன்னால் எட்டிப்பார்ப்பதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள்: ‘2025-06-12 வகுப்பு 8 அறிவியல் அலகு 2’. பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும். ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டியதில்லை. கூகுளின் ஷீட்ஸ் (அட்டவணை), டாக்ஸ் (ஆவணம்) இரண்டும் பழைய பதிப்புகளைத் தாமே சேமித்து வைக்கும். ‘பதிப்பு வரலாறு’ என்பதில் போய் முன்பிருந்த நிலைக்குத் திரும்பலாம். டிரைவின் குப்பைத் தொட்டியில் போட்டது மட்டும் 30 நாளில் அழிந்துவிடும்.

4. மாணவர் தாள்: எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்

இங்கே அவசரப்படாதீர்கள். கூகுள் ஷீட்ஸ், எக்செல், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் சரி. முதல் தாளில் மாணவர் விவரம் மட்டும்: சேர்க்கை எண், பெயர், பிரிவு, பெற்றோர் தொடர்பு. ஒவ்வொரு தேர்வுக்கும் தனித் தாள். பெயரை அங்கே மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது. சேர்க்கை எண்ணைக் கொண்டு முதல் தாளிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ‘விலுக்கப்’ (VLOOKUP) என்ற சூத்திரம் உதவும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சூத்திரத்தின் கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ (FALSE) என்று போடாமல் விட்டால், சரியான எண் கிடைக்காதபோது அருகில் உள்ள ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடும். பிழை என்று காட்டாது. ஒரு மாணவரின் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்கு நேராக அமைதியாக உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பெயரை வைத்துத் தேடவே வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், முன்னெழுத்தில் ஒரு புள்ளியோ இடைவெளியோ மாறினாலும் கணினிக்கு அது வேறு ஆள். சேர்க்கை எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எண்களை இடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்களைக் கணினி விழுங்கிவிடும். தொலைபேசி எண்ணுக்கும் இதே கதிதான்.

தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள். ‘வரவில்லை’ என்று எழுத்தில் போடுங்கள். ‘ஆவரேஜ்’ (AVERAGE) சூத்திரம் எழுத்தையும் வெற்றுக் கட்டத்தையும் கணக்கில் எடுக்காது, பூஜ்யத்தை எடுக்கும். ஒரே ஒரு பூஜ்யம் அந்த மாணவரின் சராசரியையும் வகுப்பின் சராசரியையும் கீழே இழுத்துவிடும். கூட்டும்போது கட்டங்களைக் கூட்டல் குறி போட்டு இணைக்காமல் ‘சம்’ (SUM) சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். கூட்டல் குறி என்றால் ‘வரவில்லை’ வந்த இடத்தில் பிழை காட்டும்.

49.5 விவகாரமும் இங்கேதான் வெடிக்கும். கட்டத்தின் அமைப்பை மாற்றித் தசம எண்களை மறைத்தால் திரையில் 50 என்று தெரியும், உள்ளே இருப்பது 49.5-தான். ‘50 அல்லது அதற்கு மேல் தேர்ச்சி’ என்று நீங்கள் போட்ட சூத்திரம் அந்த மாணவரைத் தோல்வி என்று எழுதும். தாளில் 50, பக்கத்தில் தோல்வி. பெற்றோர் கேட்டு வருவார்கள். ‘ரவுண்ட்’ (ROUND) சூத்திரத்தால் எண்ணையே மாற்றுங்கள், அதுவும் பள்ளி விதி அப்படிச் சொன்னால் மட்டும்.

வரிசைப்படுத்தும்போது முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்த பிறகே செய்யுங்கள். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் நகரும், மதிப்பெண்கள் அங்கேயே நிற்கும். உடனே கவனித்தால் ஒரு சொடுக்கில் பின்வாங்கலாம்; மறுநாள் கவனித்தால் பதிப்பு வரலாற்றைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக ஒரு காப்பு. மதிப்பெண் கட்டங்களில் 0 முதல் அதிகபட்ச மதிப்பெண் வரையுள்ள எண்ணையும் ‘வரவில்லை’ என்ற சொல்லையும் மட்டுமே ஏற்கும்படி சரிபார்ப்பு போடலாம். 76 என்பதற்கு 766 என்று விரல் தவறினால் அங்கேயே தடுக்கும். சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டிவிட்டால் சக ஆசிரியர் தெரியாமல் அழிக்கவும் முடியாது. 40-க்குக் கீழே இருப்பவை தானாக நிறம் மாறும்படி செய்வது அலங்காரம் போலத் தெரியும். ஆனால் யாருக்கு உதவி வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரிவதால் அதை நான் விடமாட்டேன்.

5. பேப்பர் திருத்துவது

எல்லாத் திருத்தத்தையும் கணினி செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான விடை ஒன்றே ஒன்று உள்ள கேள்விகளை மட்டும்தான் அது நன்றாகத் திருத்தும். அதுவே பெரிய உதவிதான்.

மாணவர்களிடம் கருவி இருந்தால் கூகுள் ஃபார்ம்ஸில் வினாடி வினா வகையைத் தேர்ந்தெடுங்கள். விடைக்குறிப்பை இட்டால் தானே திருத்தி, மதிப்பெண்ணைத் தாளாகவும் தந்துவிடும். இதில் மூன்று கவனங்கள். பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், சேர்க்கை எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். மதிப்பெண்ணை உடனே வெளியிடும் அமைப்பை மாற்றி, நீங்கள் பார்த்த பிறகு வெளியிடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பிரிவு எழுதி முடித்த சில நிமிடத்தில் விடைகள் அடுத்த பிரிவுக்குப் போய்விடும். சிறுவிடைக் கேள்விகளில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் மதிப்பெண் விழும். ‘ஒளிச்சேர்க்கை’ என்று நீங்கள் வைத்திருந்து மாணவர் ‘ஒளிச் சேர்க்கை’ என்று இடம் விட்டு எழுதினால் தவறாகிவிடும். தமிழில் இப்படிப் பிரித்தும் சேர்த்தும் எழுதும் சொற்கள் ஏராளம். எதிர்பார்க்கும் எல்லா வடிவங்களையும் விடைக்குறிப்பில் சேருங்கள், அல்லது அந்தக் கேள்வியைத் தெரிவு விடையாக மாற்றுங்கள்.

மாணவர்களிடம் கருவி இல்லை என்றாலும் வழி உண்டு. ஸிப்கிரேட் என்ற செயலி, கட்டங்களை நிரப்பிய விடைத்தாளை உங்கள் கைபேசிக் கேமராவில் காட்டியதும் திருத்திவிடும். விடைத்தாள்களை 20, 50, 100 கேள்விகளுக்கென்று அவர்கள் தளத்திலிருந்தே அச்சிட்டுக்கொள்ளலாம். இலவசப் பயன்பாட்டில் மாதம் 100 தாள்கள் வரை. பிளிக்கர்ஸ் இன்னும் எளிது: ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு அட்டை, அதைத் திருப்பிப் பிடிக்கும் திசைதான் விடை, நீங்கள் கைபேசியை வகுப்பை நோக்கி நகர்த்தினால் போதும். அட்டைகளுக்குப் பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள், வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது.

இவற்றால் கிடைக்கும் நேரத்தைவிட நான் அதிகம் மதிப்பது கேள்வி வாரியான சுருக்கத்தை. எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு தடுமாறியது என்று அதே நாளில் தெரிந்தால் மறுநாள் அதிலிருந்தே தொடங்கலாம்.

கட்டுரைகளையும் நெடுவிடைகளையும் நீங்கள்தான் படிக்க வேண்டும். ஆனால் அடிக்கடி எழுதும் குறிப்புகளை மறுபடி மறுபடி எழுத வேண்டியதில்லை. கூகுள் கிளாஸ்ரூமில் குறிப்பு வங்கி இருக்கிறது. கணினி வேண்டாம் என்றால், பத்துப் பன்னிரண்டு குறிப்புகளுக்கு எண் கொடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தாளின் ஓரத்தில் ‘4, 7’ என்று எழுதினால் போதும். எண்ணைத் தேடிப் படித்துத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது மாணவர் வேலை. நீண்ட குறிப்பு தேவைப்பட்டால் பேசியே எழுதலாம்: குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு தமிழிலும் வேலை செய்கிறது. நிறுத்தக்குறிகளை மட்டும் பிறகு கையால் போட வேண்டியிருக்கும்.

6. முன்னேற்ற அறிக்கை

நான்காவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது அரை மணி நேர வேலை. வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் ‘மெயில் மெர்ஜ்’ என்ற வசதி உண்டு. அறிக்கையின் மாதிரியை ஒரு முறை வடிவமைத்து, பெயர் வர வேண்டிய இடம், மதிப்பெண் வர வேண்டிய இடம் என்று குறித்து, மாணவர் தாளோடு இணைத்தால் ஆளுக்கொரு பக்கமாக வந்துவிடும்.

அச்சிடும் முன் மூன்று பேரை மட்டும் கையால் சரிபாருங்கள்: பட்டியலில் மிக நீளமான பெயர் உள்ளவர், ஏதாவது தேர்வுக்கு வராதவர், கடைசி வரிசையில் இருப்பவர். பெரும்பாலான கோளாறுகள் இவர்களிடம்தான் வெளிப்படும். மின்னஞ்சலில் அனுப்புவதானால் முதலில் எல்லாவற்றையும் உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பாருங்கள். ஒரு குழந்தையின் அறிக்கை வேறொரு வீட்டுக்குப் போனால் திரும்ப வாங்க முடியாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பல பிரிவுகளுக்குச் சேர்த்து அனுப்புபவர்கள் நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

7. பெற்றோருக்குச் செய்தி

நேரத்தை மிச்சப்படுத்த வந்த வாட்ஸ்அப், பல ஆசிரியர்களின் இரவுகளை எடுத்துக்கொண்டது. குழு தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி முதல் நாளே அமையுங்கள். பிறகு மாற்றினால் மனத்தாங்கல் வரும். சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டுச் சேருங்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் நல்ல மாற்று, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். ‘எனக்கு வரவே இல்லை’ என்று சொல்லும் பெற்றோரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது சிம் வைத்துக்கொள்ள முடிந்தால் அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். செயலி இலவசம். வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும், அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சுருக்கெழுத்தாகச் சேமிக்கலாம். அதே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பையும் சேர்த்து வைத்திருக்க முடியாது என்பதால்தான் தனி எண்.

இரவு பதினொரு மணிக்கு நேரம் கிடைத்து மின்னஞ்சல் எழுதினால், மறுநாள் காலைக்கு நேரம் குறித்து அனுப்புங்கள். இரவில் அனுப்பினால் இரவிலேயே பதிலும் கேள்வியும் வரத் தொடங்கும்.

8. பாடக்குறிப்பு, வினாத்தாள், ஏஐ

சாட்ஜிபிடி என்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து இதைப் பற்றிக் கேட்காத ஆசிரியர் இல்லை. என் அனுபவத்தில் இது நல்ல உதவியாளர், மோசமான அதிகாரி. ஒரு கருத்துக்குப் பத்துக் கேள்வி கேட்டால் நான்கு தேறும். அந்த நான்கை வெறுந்தாளிலிருந்து யோசிப்பதைவிட இது சீக்கிரம். ஒரே கணக்கை எண்களை மாற்றி மூன்று வடிவமாக்குவது, ஒரு பத்தியை எளிய நடையில் எழுதுவது, மதிப்பீட்டு அளவுகோலுக்கு முதல் வரைவு, பெற்றோர் கூட்ட அறிவிப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

கேட்கும்போது வகுப்பு, மாணவர் வயது, ஏற்கெனவே நடத்தி முடித்தது, வேண்டிய வடிவம், எத்தனை கேள்வி, விடைக்குறிப்போடா என்று எல்லாம் சொல்லுங்கள். உங்கள் பழைய வினாத்தாளில் ஒரு பகுதியை மாதிரியாக ஒட்டினால் பதில் இன்னும் பொருத்தமாக வரும். விடைக்குறிப்பை ஒவ்வொன்றாக நீங்களே போட்டுப் பாருங்கள். தவறான விடையையும் சரியான விடையையும் அது ஒரே உறுதியோடுதான் சொல்லும். செய்யுள் மேற்கோள், ஆண்டு, நூல் பெயர் இவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். இல்லாத பாட்டைக்கூட இயற்றித் தந்துவிடும்.

மாணவர் பெயர், மதிப்பெண், உடல்நிலை, குடும்ப விவரம் எதையும் அதில் ஒட்டாதீர்கள். ‘மாணவர் அ’ என்று மாற்றி எழுதினால் போதும். மாணவர்களையே பயன்படுத்தச் சொல்வதானால் வயது வரம்பைப் பாருங்கள்: யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறைந்தபட்சம் 13 வயது என்று பரிந்துரைக்கிறது. கட்டுரைக்கு மதிப்பெண் போட விடுவது சரியா என்றால், கூடாது என்பதே என் கட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த ஏஐ சட்டமும் கற்றலை மதிப்பிடும் அமைப்புகளை அதிக அபாயப் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்களை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களாகச் சிதறித் தெரியும். அவற்றில் தேட முடியாது, ஃபார்ம்ஸில் ஒட்ட முடியாது, ஏஐயிடமும் கொடுக்க முடியாது. இணையத்தில் இலவச ஒருங்குறி (யூனிகோட்) மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள், இடையில் ஆங்கிலச் சொல்லோ சமன்பாடோ இருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பியிருக்கும். மூலக் கோப்பு இல்லாமல் பிடிஎஃப் அல்லது அச்சுத்தாள் மட்டும் இருந்தால், அதைப் படமாக்கி டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள். அச்செழுத்தைப் படித்து ஒருங்குறியாகத் தந்துவிடும். எல்லாப் பழைய கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்ற உட்காராதீர்கள். அந்தந்த அலகு வரும்போது அதை மட்டும் மாற்றினால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும்.

9. செலவும் காலமும்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இலவசப் பயன்பாட்டிலேயே நடக்கும். காசு கொடுக்கும் முன் பள்ளிக்கு இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கூகுளின் கல்விப் பதிப்பிலும் மைக்ரோசாஃப்டின் கல்விப் பதிப்பிலும் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவச நிலை உண்டு. தனி ஆசிரியர் விண்ணப்பிக்க முடியாது. கல்வி நிறுவனம் என்பதற்கான சான்றோடு பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். கூகுளுக்குப் பள்ளியின் பெயரில் சொந்த இணைய முகவரியும் வேண்டும். படங்கள், சுவரொட்டிகள் வடிவமைக்க உதவும் கேன்வாவின் கல்விப் பதிப்பு வேறு மாதிரி. பள்ளி ஆசிரியர் தனியாகவே விண்ணப்பிக்கலாம், ஆசிரியர் என்பதற்கான சான்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். பெயர் கணக்கில் உள்ளபடியே சான்றிலும் இருக்கட்டும். மங்கலான படமும் பெயர் மாறுபாடும் இருந்தால் மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

‘இலவச முயற்சிக் காலம்’ என்று அட்டை எண்ணைக் கேட்கும் சேவைகளில் கவனமாக இருங்கள். முடிவதற்கு இரண்டு நாள் முன்பாக நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துவிட்டே பதிவு செய்யுங்கள். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் விடுமுறை மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். முதல் பருவத்துக்கு மாதச் சந்தாவே போதும். உங்கள் கைக்காசைப் போடும் முன் பள்ளியிடம் கேளுங்கள். கேட்காமல் போட்டால் அது உங்கள் செலவாகவே நிலைத்துவிடும்.

காலம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: முதல் பருவத்தில் நேரம் மிச்சமாகாது, கூடுதலாகத்தான் ஆகும். மாணவர் தாளைப் பருவம் தொடங்கும் முன் விடுமுறையிலேயே அமைத்துவிடுங்கள். ஃபார்ம்ஸ் தேர்வை மதிப்பெண் சேராத சின்னப் பயிற்சியில் முதலில் ஓட்டிப் பாருங்கள். தேர்வுக் காலத்திலும் அறிக்கை எழுதும் வாரத்திலும் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். இணையமும் மின்சாரமும் போகும் நாளுக்கென்று மாணவர் பட்டியலின் அச்சுப்படி ஒன்று பையில் இருக்கட்டும். இரண்டாவது பருவம் முடிந்தும் ஒரு செயலி நேரத்தை மிச்சப்படுத்தவில்லை என்றால், எவ்வளவு பாராட்டிப் பேசப்பட்டதானாலும் விட்டுவிடுங்கள்.

10. ஆண்டு முடிவில் செய்ய வேண்டியவை

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாணவர் தாளை நகலெடுத்து, பெயர்களையும் மதிப்பெண்களையும் அழித்து, சூத்திரங்கள் மட்டும் உள்ள வெற்று மாதிரியாக வையுங்கள். அடுத்த ஆண்டு புதிய பட்டியலை ஒட்டினால் வேலை முடிந்தது. மதிப்பெண் தாளைப் பிடிஎஃப் ஆக்கிப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு ஏற்புக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு பகிர்வுகளைப் பாருங்கள். ‘இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று விட்ட தாள்கள் இருந்தால் மூடுங்கள். ஃபார்ம்ஸில் பதில் பெறுவதை நிறுத்துங்கள், கைபேசியில் விடைத்தாள் படங்கள் தங்கியிருந்தால் அழியுங்கள். மாணவர் விவரத்தை எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதற்குப் பள்ளியில் விதி இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் உங்கள் சொந்தக் கருவிகளிலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.